ஆறு பத்துக்கு பஸ்

ஐந்து நாற்பத்தெட்டு.
கோழி இன்னும் கல்லாகத்தான் கிடக்கிறது.
'காலையிலேயே எடுத்துக் கீழ்த்தட்டில் வை' என்று
கோமளா அனுப்பியதை வாசித்தேன்.
இரண்டு கோடும் நீலமாயின.
பிறகு பட்டர்வொர்த்தில் சரக்கு இறக்கப் போனவனுக்கு
திரும்பும்போது, பாலத்தின் நடுவில்தான்
அது ஞாபகம் வந்தது.

ஜெலுத்தோங், ஒன்பதாவது மாடி.
எனக்குப் பகல், அவளுக்கு இரவு.
நடுவில் நாங்கள் கணவன் மனைவியாக இருப்பதற்கு
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை விட்டுவைத்திருப்பது
இருபத்திரண்டு நிமிடம்.
அதில் நாலரையைப் பாத்திரத் தொட்டியில்
கோழிப் பையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தே கழித்தேன்.
கையை எடுத்தால் மிதந்து மேலே வந்தது,
சாட்சி சொல்ல வந்தது போல.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.
என்னைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள்.
கொண்டை ஊசியை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டாள்.
ஊசி வாயில் இருக்கும்வரை பேச வேண்டியதில்லை.
அதை வெகுநேரம் வைத்திருந்தாள்.

பாதி உறைந்த தொடைக்கறி
கத்திக்கு இவ்வளவு வாகாக வரும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
விரல் மரத்துப்போக, துண்டுகள் மெல்லிசாய்ச் சரிந்தன.
மிளகுத்தூள், உப்பு, ஒரு பிடி சோளமாவு.
சட்டியில் மார்ஜரின் நுரைத்தது.
கறி பட்டதும் வீடே ஒருமுறை சீறி அடங்கியது.
ஓரம் சிவந்ததும் தட்டில் எடுத்து வைத்தேன்.
அடியில் பிடித்ததைத் தொடவில்லை.
குழம்பின் உயிர் அதில்தான்.

கறிவேப்பிலை இல்லை.
நடைகூடத்தில் சுவீ லியன் ஆன்ட்டியின் தொட்டிச் செடி.
திருடன் மாதிரி இரண்டு கொத்து ஒடித்தபோது
கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து மலாயில் ஒரு குரல்:
மூன்றாக எடு லா, இரண்டு பத்தாது.

ஐந்து ஐம்பத்தொன்பது.
பூண்டு, சிலி பாடி நான்கு, கறிவேப்பிலை மூன்று கொத்து.
பொரிந்த காரம் மூக்கில் ஏறி நான் தும்மினேன்.
உள்ளே அவளும் தும்மினாள்.
இன்று நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு.

தேத்தண்ணிக்கென்று வைத்திருந்த கடைசி டின் பால்.
கத்தி முனையால் இரண்டு துளை.
வெள்ளை விழுந்து, அடியிலிருந்த பழுப்பைக் கரைத்து,
சந்தன நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.
நான்தான் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினேன்.
ஓரத்தில் திரியத் தொடங்கியது.
தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து
அடுப்பைக் குறைத்தது.
சோப்பு வாசம். இன்னும் ஈரம்.
அந்தக் கை உடனே திரும்பிப் போகவில்லை.

கறியைக் குழம்பில் சரித்தேன். ஒரு கொதி, போதும்.
காலையில் வடித்த சோற்றில் ஊற்றி
நின்றபடியே சாப்பிட்டாள்,
கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை
தட்டில் விழாதபடி முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு.
மூன்றாவது வாய்.
"உப்பு..." என்றாள்.

கீழே ஹார்ன்.

மீதியை டப்பாவில் அடைத்துக் கையில் திணித்தேன்.
லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது.
ஒரு மாடி அளவுக்குச் செருப்புச் சத்தம்,
அப்புறம் அதுவும் இல்லை.

கூடவா, குறைவா?
சட்டி விளிம்பை விரலால் வழித்து நக்கிப் பார்த்தேன்.
எனக்குச் சரியாகத்தான் இருந்தது.
ஆனால் பகல் முழுக்க வியர்த்தவன் நாக்கை
உப்பு விஷயத்தில் நம்ப முடியாது.

நடைகூடச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன்.
பஸ் எங்கேயும் போய்விடவில்லை.
முனை விளக்கில், சாயாத வெயிலில், கார்களுக்கு நடுவே
அதன் வெள்ளைக் கூரை அப்படியே நின்றது.
ஆறு பதினைந்து.
ஆறு இருபது.
உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம்.
அந்த ஒரு வாக்கியத்தையாவது முடித்திருக்கலாம்.

'உப்பு என்ன?' என்று அனுப்பினேன்.
இரண்டு கோடு. சாம்பல் நிறம்.
சட்டியை இன்னும் கழுவவில்லை.
கூரை ஒரு கார் நீளத்துக்கு நகர்ந்து
மறுபடி நின்றது.