மூன்று புள்ளி ஏழு

சூரமங்கலம், மாடி அறை, இரவு ஒன்றே கால்.
ஜங்ஷனுக்கு வெளியே சிக்னல் கிடைக்காமல்
ஒரு சரக்கு ரயில் பெருமூச்சு விட்டபடி நிற்கிறது.
நான் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளை
அழித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரிய நிரல் ஒன்றும் இல்லை.
தராசு சொல்லும் எண்ணைக் கணினியின் காதில் போடும்,
அவ்வளவுதான் அதன் ஜோலி.
இலவசம். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம்.
எடுத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.
ஒன்பது வருஷத்தில் நன்றி சொன்னவர்கள் நாலு பேர்.
திட்டியவர்களை எண்ணி வைக்கவில்லை.

திறந்த இடமெல்லாம் அதில் ஒரே விசாரணை:
நீ மூன்று புள்ளி ஏழா?
ஆமென்றால் இப்படி வா,
கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி.
இல்லையென்றால் நேரே போ.
எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும்.
கோகிலவாணி மூன்று வரியில் அழகாக அனுப்பியதை
பழையதிலும் ஓட வேண்டுமென்று
பத்தொன்பது வரியாக இழுத்துத்தான் சேர்த்தேன்.
"சரி" என்று மட்டும் எழுதினாள்.
அதன்பிறகு அவள் எதுவும் அனுப்பவில்லை.

மொழியைச் செய்தவர்களே அதைக் கைகழுவி
இரண்டு ஜூன் போய்விட்டது.
இனி ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை.
போன மாதம் அதற்காக இறக்கியவை: பதினொன்று.
பத்து, ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும்
எந்திரங்களாக இருக்கலாம்.
பதினொன்றாவது யாரென்று தெரியும்.

ஏற்காட்டில், நாகலூர் தாண்டி,
ஒரு காபித் தோட்டத்து எடைக்கூடம்.
அந்தக் கணினியை வைத்துக்கொடுத்ததே நான்தான்.
பழம் பறிக்கும் டிசம்பர்.
ஜன்னல் வழியே பனி வந்து விசைப்பலகை நனைந்தது.
கணக்கர் ஸ்தனிஸ்லாஸ் துடைத்துத் துடைத்துத் தட்டினார்:
ராமாயி, இருபத்தேழு கிலோ.
சடைச்சி, முப்பத்தொன்று.
மாதம் ஒருமுறை அது விறைத்துக்கொள்ளும்.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு,
நான் பேனாவில் எழுதிக்கொடுத்த காகிதத்தைப் பார்த்து
முதல் வரியிலிருந்து ஏற்றுவார்.
புதுசு வாங்கச் சொன்னதற்கு,
"மொதலாளி மெட்ராஸ்ல இருக்காரு சார்."
அதற்கு மேல் பேச்சில்லை.

கை நின்றது. இரக்கத்தால் என்று சொல்ல முடியாது.
பழையதில் ஒரு குறை உண்டு:
ஐம்பது கிராமுக்குக் கீழே வருவதை விழுங்கிவிடும்.
மூட்டைக்கு மூட்டை.
புதியதில் ஜனவரியிலேயே சரிசெய்துவிட்டேன்.
பழையதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்,
அந்த அப்புறம்தான் இது.

அழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன்.
ஏழுக்கென்று கடைசியாக ஒரு வெளியீடு,
அந்த ஐம்பது கிராமுக்காக மட்டும்.
நாற்பது நிமிடம் பிடித்தது.
பிறகு மறுபடி முதலிலிருந்து அழித்தேன்.

முடித்துவிட்டு ஒரே வரி சேர்த்தேன்:
மூன்று புள்ளி எட்டுக்குக் கீழே வேண்டாம்.
அனுமதி இல்லை என்று கதவில் தொங்கும்
பலகை மாதிரிதான் இருக்கும் பார்க்க.
ஆனால் ஸ்தனிஸ்லாஸின் கணினி
அதைப் படித்துவிட்டுத்தான் ஒரு படி பின்வாங்கி
தனக்கான கடைசியை எடுத்துக்கொள்ளும்.
அந்த வரியை மறந்திருந்தால்
புதியதை வாயில் போட்டுக்கொண்டு
ராமாயி மூட்டையோடு நிற்கும்போது விழுந்திருக்கும்.

கோகிலவாணியின் மூன்று வரியை
அவள் பெயரிலேயே திரும்ப வைத்தேன்.
பார்ப்பாளா, தெரியாது.

ரயில் எப்போது போனதென்று கவனிக்கவில்லை.
சோதனை ஓடியது. ஆறு கட்டம் இருந்த இடத்தில் ஐந்து.
எப்போதும் இழுத்துப் பிடிக்கும் அந்த ஒன்று இல்லாமல்
சட்டென்று எல்லாம் பச்சை.
மாற்றக் குறிப்பில் எழுதினேன்:
மூன்று புள்ளி ஏழுக்கு ஆதரவு நிறுத்தப்படுகிறது.
அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை
எழுதவில்லை.