ஒன்பதாம் எண்

புவெர்த்தோ எலாடியோவில் மே மாதம் பிடித்த மழை
ஆகஸ்ட் வரை விடாது.
விறகடுப்புப் புகை மேலே போக மனமில்லாமல்
தெருவிலேயே படுத்துக் கிடக்கிறது.
சமையலறை மேசையில் காதுக்கருவி மாட்டி
நாளுக்கு அறுபது வீடுகளை அழைக்கிறேன்.
எண்களை எந்திரம் பொறுக்கும்.
கேள்விகளைத் தலைநகரில் யாரோ எழுதுகிறார்கள்.
குரல் மட்டும் என்னுடையது.

"காய்ச்சல் பரவும் இந்நாட்களில்
மேயரின் செயல்பாடு
மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம்,
எது என்பீர்கள்?"

மீன்சந்தையை அவர் மூடிய வாரம்
நூற்றுக்கு அறுபத்தொரு பேர் நன்று என்றார்கள்.
மூன்றாம் வாரம் முப்பத்தெட்டு.
ஐந்தாம் வாரம் சந்தை திறந்தது.
எண்ணைப் பார்த்துத் திறந்தாரா,
நோயைப் பார்த்துத் திறந்தாரா?
என் தாளில் அந்தக் கேள்வி இல்லை.

பூட்டிய நாளெல்லாம்
படித்துறைக்கு வந்து குடலுக்கும் தலைக்கும் வாய் பிளந்து
கத்திவிட்டுப் போயின கடற்சிங்கங்கள்.
அவற்றின் கருத்தை யாரும் கேட்கவில்லை,
ஊர் முழுக்கக் கேட்டது என்றாலும்.

ஓர்ஃபெலினா, ஏழாம் கடை, மெர்லூசா மீன் விற்பவள்.
திறந்த அன்று தொலைபேசியில் சிரித்தாள்:
"மிக நன்றுன்னு போடு. ரெண்டு தடவை போட முடியுமா?"
முடியாது என்றேன்.

நாற்பது நாள் கழித்து அதே எண்.
எடுத்தவர் கணவர்.
அவள் இல்லை என்றார்.
எப்போது வருவாள் என்று கேட்டுத் தொலைத்தேன்.
கூரையில் மழை. அவர் பக்கமும் அதே மழை.
பிறகு,
"மிக நன்றுன்னே எழுதிக்கோங்க.
அவ அதைத்தான் சொல்லுவா.
எனக்கு வேற பதில் இருக்கு.
ஆனா நீங்க கூப்பிட்டது அவளை."

இறந்தவர் பதில் செல்லாது, விதி பதினான்கு.
ஒன்பது என்று குறித்தேன்.
ஒன்பது என்றால் பதிலில்லை.

இரவு எட்டரைக்கு, கடைசி அழைப்பு.
எந்திரத்துக்கு ஆள் தெரியாது.
எனக்குத் தெரிந்துவிட்டது:
காலைதோறும் வானொலியில்
"என் அருமை மக்களே" என்று தொடங்கும் தொண்டை.
வரிசை மாறாமல் கேட்டேன். வயது. படிப்பு.
வீட்டில் எத்தனை பேர்.
பிறகு அந்தக் கேள்வி.

கோப்பையில் கரண்டி சுற்றும் ஓசை நின்றது.
"மற்றவங்க என்ன சொல்றாங்க?"
சொல்ல அனுமதியில்லை, ஐயா.
"ஏறியிருக்கா, இறங்கியிருக்கா? அதை மட்டும்."
அனுமதியில்லை.
"சரி. அந்த ஐந்தையும் இன்னொரு தரம் படிங்க."

படித்தேன். வானிலை அறிக்கை வாசிப்பதுபோல
ஏற்றமும் இறக்கமும் இல்லாமல்,
எங்களுக்குப் பழக்கியிருக்கும் விதத்தில்.
மோசம் என்ற சொல்லில்
குரல் கொஞ்சம் தடுக்கியது.
அவர் கவனித்திருக்கலாம்.

கேட்டுக்கொண்டே இருந்தார்.
என் வாழ்நாளில் எந்தத் தலைவரும்
இத்தனை நேரம் கேட்டதில்லை.
நாலு நிமிடம் கழித்து
எந்திரமே இணைப்பைத் துண்டித்தது.

ஒன்பது.

காதுக்கருவியைக் கழற்றினேன்.
காதுமடல் சுட்டது.
ஆற்றுப் பக்கமிருந்து கத்தல்,
சந்தை திறந்துதான் இருக்கிறது,
இருந்தும் கத்துகின்றன.