பறக்கத் தகுதியானது

நான் பறந்தவன் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
விமானப்படை என்றதும் இந்த விடுதிச் செவிலி
மேகம் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள்.
மேகத்தை நான் கீழேயிருந்துதான் பார்த்தேன்,
கழுத்து வலிக்க.

பிரேசிலில் கப்பலேறி லிவோர்னோவில் இறங்கினோம்.
பையில் இரண்டு கிலோ காப்பிக்கொட்டை,
அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தது.
பனி வெள்ளையாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.
சத்தமே போடாது என்று யாரும் சொல்லவில்லை.
முதல் நாள் கூடாரத்தை விட்டு வெளியே வந்து
காது அடைத்துவிட்டதாக நினைத்தேன்.

பிசாவில்
கையுறையோடு பிடித்தால் நட்டு அகப்படாது,
கழற்றிவிட்டால் தோல் ஸ்பேனரோடு போய்விடும்.
தோலைக் கொடுத்தேன்.
சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க எல்லாரும் லாரியில் போனோம்.
அண்ணாந்து பார்த்த மெக்கானிக்குகள் ஆறு பேருக்கும்
ஒரே கேள்விதான்:
இதற்கு யார் கையெழுத்துப் போட்டது?

ஏனென்றால் எங்களுக்குத் தினமும் ஒரு படிவம் உண்டு.
விடியுமுன், பென்சிலால். மை உறைந்துவிடும்.
எண்ணெய், பெட்ரோல், பிரேக், துப்பாக்கி,
கடைசியில் இரண்டு சொல்: பறக்கத் தகுதியானது.
அதன் கீழே, பெலார்மினோ ட்ராவாசோஸ், சார்ஜென்ட்.
நாலாம் வகுப்போடு நின்றவன் நான்.
அந்தக் கோணல் எழுத்தை நம்பி
ஒரு மனிதன் ஆகாயத்துக்குப் போனான்.

லெப்டினென்ட் ஓட்டாவியானோ.
தோள்பட்டை வாரை நான்தான் இறுக்குவேன்.
என் காப்பியைப் பாதி குடித்துவிட்டு
தகரக் குவளையை நீட்டுவார்:
"வைத்திரு, வந்து குடிக்கிறேன்."
ஒரு நாளும் வந்து குடித்ததில்லை.
ஆறிய காப்பியை யார் குடிப்பார்கள்?
இறங்கியதும் புதிதாகக் கேட்பார்.

பிப்ரவரி.
நான்கு போயின. காதால்தான் எண்ணுவோம்.
ஒன்று, இரண்டு, மூன்று.
பிறகு கோழிக்கூட்டில் யாரோ வாளியைக் கவிழ்த்தார்கள்.

தரையிலிருந்து சுட்டார்கள் என்றான் ஒருவன்.
இல்லை, அதற்கு முன்னாலேயே
கண்ணாடியெல்லாம் எண்ணெய் என்றான் இன்னொருவன்.
என் காதில் இரண்டாவதுதான் விழுந்தது.
அன்றிரவு டார்ச் வெளிச்சத்தில் படிவத்தின் நகலைப் படித்தேன்,
என் கையெழுத்தே எனக்குத் தெரியாததுபோல.
குவளையில் காப்பி கல்லாக நின்றது.

துணி துவைக்கும் எர்சீலியா அம்மாள் செய்தி தெரியாமல்
அவர் சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள்.
வாங்கிக்கொண்டேன். சோப்புக்கட்டி கொடுத்தேன்.
வேறென்ன செய்வது.

அவர் சாகவில்லை.
பாராசூட், உடைந்த கணுக்கால், சிறை முகாம்.
போர் முடிந்து எனக்கு வந்த கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது,
அதுவும் வேறு யாரோ எழுதியது.

இருபத்திரண்டு வருடம் கழித்து
ஜுயிஸ் டி ஃபோரா பேருந்து நிலையத்தில்,
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர்
என் கைகளைப் பார்த்து அடையாளம் கண்டார்.
முகத்தை அல்ல.
அரைமணி நேரம் பேசினோம். மழை, விலைவாசி, பிள்ளைகள்.
பேருந்து வந்து நின்றபின் கேட்டார்:
"அன்றைக்கு எண்ணெய்க் குழாயை மாற்றினாயா?"

மாற்றினேன்.
புதுக் குழாய், இரண்டு கிளிப், கையால் இழுத்தும் பார்த்தேன்.
அது உண்மை. கடவுள் முன்னும் சொல்வேன்.
ஆனால் "மாற்றினேன்" என்று சொல்வதற்குள்
மூன்று நொடி போய்விட்டது.

அவர் தலையாட்டினார். நானும்.
பிறகு நானாகவே உளறினேன்:
உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான்
எனக்குக் கல்யாணம் நடந்தது என்று.
ஓட்டுநர் திரும்பிப் பார்க்குமளவு சிரித்தார்.
ஆரஞ்சில் பாதியை என் கையில் வைத்துவிட்டு ஏறினார்.

செவிலி மேகத்தைப் பற்றிக் கேட்கிறாள்.
நான் அந்த மூன்று நொடியைப் பிரித்துப் போட்டு,
துடைத்து, மறுபடி பூட்டிக்கொண்டிருக்கிறேன்.
எதுவும் குறையவில்லை.
ஒவ்வொரு முறையும் ஒரு நட்டு மிஞ்சுகிறது.