சத்தம் முதலில்

பகலில் கலியாண வீடியோ வெட்டுகிறேன்.
மணப்பெண் இன்னும் கண்ணாடி முன்னால்,
கழுத்து வெறுமையாக;
அதற்குள்ளேயே கெட்டிமேளத்தைக் கேட்க விடுவேன்.
படம் பிறகு வரும்.
சின்னமாமிமார் சண்டைக்கு வருவார்கள்:
"சாப்பாட்டு வரிசை எங்கை தம்பி, முழுக்க எடுத்தனீரெல்லே?"

இரவில், ஸ்காபரோவில், நிலக்கீழ் அறையில்
கதை எழுதுகிறேன்.
நிரோஜன் வீட்டை விட்டுப் போகிறான். நாலு பக்கம்.
ஏன் போகிறான் என்பதற்கே இரண்டு.
"தாட்சாயினி உடைந்துபோனாள்" என்றும் ஒரு வரி.

உடைந்ததைக் கமரா
எங்கே வைத்துப் பிடிக்கும்?

அழித்தேன். கிட்டப் போனேன்.
வாசல் மிதியடியில்
அவன் சப்பாத்து நின்ற இடம்:
காயாத இரண்டு தடம்,
விளிம்பில் வெள்ளையாய் உப்புக் கோடு.

பின்னோக்கிப் போய்,
அவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே
தெருமுனையில் பனி வழிக்கும் லொறியைக்
கேட்க விட்டேன்.
அவள் சீனிப் போத்தல் மூடியை
இரண்டாம் தரமும் இறுக்கினாள்.
வெட்டு.

நாலு பக்கம் ஒன்றரையாயிற்று.
ஏன் என்பது போயே போய்விட்டது,
ஒருவரும் தேடமாட்டார்கள்.

ஆனால் தடத்தைத் துடைத்த கையோடு
அவள் நகம் கடிக்கிறாள்.
தெருவுக்குப் போடும் உப்பு கசக்கும்.
கமராவுக்கு நாக்கில்லை.
அந்தக் கசப்புக்கு மட்டும்
பழையபடி ஒரு வசனம் எழுதினேன்,
நீளமாகவே.

மணி ஐந்தரை.
தலைக்குமேல், வீட்டுக்காரர் வாசலில்,
யாரோ சப்பாத்து மாட்டுகிறார்கள்.
சத்தம் மட்டும்.