நாலாம் பத்தி

காலையில் அச்சகத்துக்காரர் வந்துவிடுவார்.
ஒரே தாள், இரண்டு பக்கம், பத்தாயிரம் பிரதி.
ராயக்கோட்டைக்குத் தமிழ் போதும்.
கெலமங்கலம் தாண்டினால்
கன்னடத்திலும் தெலுங்கிலும்
ஆட்டோவில் மைக் கட்டிப் படிக்க
ஆள் பேசியிருக்கிறோம்.

நான் சொல்கிறேன், நாகவேணி அடிக்கிறாள்.
'தொகுதி மக்களுக்கு வணக்கம்.'
"முன்னாடி 'அன்பான' போடட்டா, அக்கா?"
வேண்டாம்.
போன கடிதத்தில் போட்டோம்.
அது போய்ச் சேர்ந்த வாரம்தான்
தக்காளியைக் கூடை கூடையாக
ரோட்டில் கொட்டினார்கள்.

முதலில் ஓட்டு.
பதினெட்டு முடிந்தவர்களுக்கு ஆறாம் எண் படிவம்.
கட்டட வேலைக்குப் பெங்களூரு போனவர்கள்
பயப்பட வேண்டாம், பட்டியலில் பெயர் இருக்கிறது,
நானே ஒருமுறை பார்த்தேன்.
வீட்டில் யாராவது இறந்திருந்தால் ஏழாம் எண் படிவம்.

அவள் விரல் நின்றது.
நூற்றுப் பதினேழாம் சாவடியில்
அவளுடைய மாமனார்
இன்னும் அறுபத்துமூன்று வயதோடு இருக்கிறார்.
பார்க்காதவள்போல் தண்ணீர் குடித்தேன்.

அடுத்தது சட்டம்.
நாகவேணி, இதை அடிக்காதே, கேட்டுக்கொள்.
கூட்டத் தொடரின் கடைசி நாள்
பிற்பகலில் மட்டும் பதினோரு மசோதா.
மேசைக்கு வந்த கட்டுகளில்
பசை காயவில்லை.
'ஏற்போர் ஆம் என்க.'
என்னுடைய ஆம் அத்தனை ஆம்களுக்கு நடுவில்
எங்கே விழுந்ததென்று எனக்கே தெரியாது.
ஏழாவதற்கு நான் வாய் திறக்கவில்லை.
அதுவும் நிறைவேறியது.

"அது எதப் பத்தினதுக்கா?"

மண்டிக் கட்டணம்.
நூற்றுக்கு ஒன்று குறையும் என்று போடு.
குறையாவிட்டால்
ரசீதோடு என்னிடம் வரச் சொல்லியும் போடு.

நிவாரணத்துக்கு வா.
இரண்டாம் தவணை டோக்கன்
பதினைந்தாம் தேதி வரை.
புளி தட்டித் தட்டி ரேகை தேய்ந்தவர்கள்
மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டாம்,
கையெழுத்துப் போட்டு வாங்கலாம்.
கடைக்காரர் மறுத்தால்
இந்தத் தாளையே நீட்டுங்கள்.
தாயும் தகப்பனும் போய்விட்ட பிள்ளைகளுக்கு
வங்கியில் பணம் போடுகிறார்கள்.
இரண்டு சான்றிதழ் கேட்பார்கள்.
சான்றிதழில் நிமோனியா என்று மட்டும் இருந்தால்
அதற்கும் என்னிடம் வாருங்கள்.

நாலாம் பத்தி என் கைபேசி எண்.
'இருபத்துநாலு மணி நேரமும்'
என்று அவளாகவே அடித்துவிட்டாள்.
அழி என்றேன்.

மே மாதம், இரவு இரண்டு நாற்பது.
உத்தனப்பள்ளி சென்னப்பன்.
"அம்மா, ஓசூர்ல பெட் இல்லேங்கறாங்க.
கிருஷ்ணகிரி போவட்டுமா?"
போங்க, நான் பேசுறேன் என்றேன்.
பேசினேன், ஏழு பேரிடம்.
ஒருவர் தூங்கி எழுந்த குரலில்
பட்டியலில் பேர் எழுதிக்கிறேன் என்றார்.
இல்லை என்று சொல்ல எனக்கு
ஐந்தே கால் ஆகிவிட்டது.

சூளகிரி மேம்பாலத்துக்கு அடியில்
வண்டியை ஓரங்கட்டியிருந்தார்.
லாரிகள் போகிற சத்தம் கேட்டது.
"இனிமே அவசரமில்லீங்கம்மா.
வீட்டுக்காரிய ஊருக்கே கூட்டிட்டுப் போறேன்.
ஒங்க தூக்கத்தயும் கெடுத்துட்டேன்."

இதை மூன்று மொழியில்
எதில் சொல்லி மைக்கில் படிக்கச் சொல்வது?

நாகவேணி அழிக்கவில்லை.
கர்சர் அதே இடத்தில்
மினுக்கிக்கொண்டிருந்தது.
சரி, இருக்கட்டும்.
எத்தனை மணிக்கானாலும் எடுப்பேன் என்று போடு.
படுக்கை வாங்கித் தருவேன் என்று போடாதே.
"அப்புறம் எதுக்குக்கா கூப்பிடுவாங்க?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னேன்.

ஆறரைக்கு அச்சகத்துக்காரர் வந்தார்.
மேலே உங்க படம் எங்கேம்மா என்றார்.
படம் வேண்டாம்,
அந்த இடத்தில் எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்.
எவ்வளவு பெரிதாக என்றார்.
ராத்திரியில், கண்ணாடி தேடாமல் படிக்கிற அளவுக்கு.

அவர் சில்லறைத் தாளொன்றில் குறித்துக்கொண்டார்.
டீ வந்தது.
ஏழாம் எண் படிவக் கட்டிலிருந்து ஒன்றை உருவி
நாலாக மடித்து
நாகவேணி தன் பையில் வைத்துக்கொண்டாள்.