பட்டன்

கொப்பரை மூட்டைகூட இல்லை, காலி பீரோ.
வண்டி மேலிருந்து சேசுராஜ் கைவிட்டான்,
பிடித்தேன்.
முழங்கை மடிப்பில் சணல் அறுகிற சத்தம்.
புஜத்துச் சதை மேலே ஓடி
தோளுக்குக் கீழே
எலுமிச்சங்காயாய்ச் சுருண்டுகொண்டது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்கு
இடது கையால் டிக்கெட் வாங்கிப் போனேன்.

டாக்டர் ரெஹ்னா மலையாளத்தில் கேட்டார்,
நான் தமிழில் சொன்னேன்.
அவர் கயறு என்றார், நான் கயிறு என்றேன்.
அதில் தகராறில்லை:
எலும்பிலிருந்து பிய்ந்ததை
எலும்பிலேயே கட்டவேண்டும்.

ஒரு வழி, எலும்பைக் குடைந்து
நூல் கோத்த உலோகப் பட்டனை
அந்தப்புறம் தள்ளிக் குறுக்கே போடுவது.
இழுத்துப் பார்த்ததில் அதிகம் தாங்கியது இதுதானாம்.
ஆனால் பின்னால் ஒரு நரம்பு போகிறது,
அதைத் தொட்டால் விரல் நிமிராது.

இல்லையென்றால் முன்பக்கமே இரண்டு நங்கூரம்.
நரம்புக்குப் பயமில்லை.
எலும்பு பொலபொலவென்றிருந்தால் பிடுங்கிக்கொள்ளும்.

துளையில் நாரை நுழைத்துப் பக்கத்தில்
திருகாணி முடுக்குவதும் உண்டு.
கெட்டிதான். துளை பெரிசு, எலும்பு விரியலாம்.

இருபத்திரண்டு வருஷம் லாரிக்குத் தார்ப்பாய் கட்டியவன் நான்.
கயிறு அறுந்து சரிந்த பாரத்தைவிட
கொக்கி பெயர்ந்து சரிந்ததுதான் அதிகம்.
'இதில் எது முதலில் விடும்?' என்றேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.
'மூன்றாம் வாரம் வலி போயிடும்.
அப்போ மூட்டையைத் தொடுவீங்க பாருங்க,
அந்த ஆள்தான் முதல்ல விடும்.'

வார்டு கிளார்க் பிரபாவதி
நடைவழியில் நிறுத்தித் தணிந்த குரலில் சொன்னாள்:
'நங்கூரம்னா ரெண்டுக்குக் காசு.
பட்டன் ஒண்ணு.'
பட்டன் போட்டுக்கொண்டேன்.

தூக்குகிற சதை என்றுதான் நினைத்திருந்தேன்.
தூக்க வேறு சதையும் இருக்கிறதாம்.
உள்ளங்கையை மலர்த்தத்தான்
இது முக்கியமாம்.
அதற்கப்புறம் பஸ்ஸில், கடையில், கோயிலில்
யார் யார் கை மலர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பூட்டைத் திறக்கிறவன். சோறு அள்ளுகிறவன்.
நற்கருணைக்கு நிற்கிற வரிசை முழுக்க.

பதினோராம் வாரம் யூனியன் ஆபீஸில்
உதவிப் பணம் கொடுத்தார்கள்.
கையை நீட்டினேன்,
முக்கால்தான் திரும்பியது.
நோட்டு நின்றது. சில்லறை சரிந்து
மேஜைக்கடியில் ஓடியது.

சேசுராஜ் மண்டிபோட்டுப் பொறுக்கினான்,
ஒவ்வொன்றாக,
ரொம்ப நேரம்,
நிமிரவே இல்லை.