மஞ்சள் புள்ளி

தீப்பெட்டிக்குள் பஞ்சு.
பஞ்சின்மேல் அரசி.
முதுகில் வைத்த மஞ்சள் புள்ளி
இன்னும் உரியவில்லை.

போஹின் பள்ளத்தாக்கிலிருந்து
இரண்டு பேருந்து மாறி,
கோட்டின் உள்பையில் வைத்துக்
கொண்டுவந்திருந்தார் சிரில் ரவ்னிகார்.
"மருந்தடித்துக் கொன்றுவிட்டான்" என்றார்.
உருளைக்கிழங்கு வயல்காரனின் பெயரையும் சொன்னார்,
எழுத்து எழுத்தாய், இரண்டு முறை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மெழுகுத் தட்டு, இரண்டு ஊசி,
ஒரு துளி உப்புநீர்.
வயிற்றுத் தகடுகளை
வரிசை குலையாமல் விலக்கினேன்.
பருத்த பேரிக்காய்களாய் இருக்க வேண்டிய சூலகங்கள்
சுருங்கி, ஒட்டி,
நாளுக்கு ஆயிரம் முட்டையிட்டதை
மறந்தே போயிருந்தன.
அவற்றின் கீழே குடல்.

குடலில் ஒன்றுமே இல்லை, பார்வைக்கு.
வளையம் வளையமாய், வெளிர்பழுப்பாய்,
நல்ல குடல் எப்படி இருக்குமோ அப்படி.
அரைத்து, வடித்து, குழாயிலிட்டு
இயந்திரத்திடம் கொடுத்தேன்.
சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள்
திரையில் கோடு
செங்குத்தாய் ஏறிவிட்டிருந்தது.
தலையில் கொஞ்சம். சூலகத்தில் கொஞ்சம்.
குடலில்தான் வைரஸின் குடித்தனமே.

வாய்வழி வந்திருக்கலாம்.
வானத்தில் நடந்த கலியாணம் முடிந்து
வீடு திரும்பிய நாள்முதல்
அவள் தானாக எடுத்து உண்டதில்லை.
சுற்றி நின்றவர்கள்
நக்கித் துடைத்தார்கள், கழிவை அள்ளினார்கள்,
நாவோடு நா வைத்துப் பாலூட்டினார்கள்.
உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள்.
இங்கே ஊட்டிய வாய்க்கே தெரியாது
என்ன ஊட்டினோம் என்று.

சிரிலைத் தொலைபேசியில் பிடித்தேன்.
வயல்காரன் காரணமில்லை என்றேன்.
நெடுநேரம்
அந்தப் பக்கத்தில் ஒரு நாய் மட்டும் குரைத்தது.
பிறகு கேட்டார்:
"கடைசிவரை சாப்பிட்டாளா?"

குடல் நிறைந்திருந்தது என்றேன்.

"அது போதும்."
பெட்டியில் புதியவள் நேற்றே பிறந்துவிட்டாளாம்.
ஒல்லி. நடையில் அப்படியொரு வேகம்.
பிடிக்க முடியவில்லை என்று சிரித்தார்.
ஊட்டப்போவது அதே தாதிகள்தானே என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"இந்த வருடம் சிவப்பு" என்றார் அதற்குள்,
"சாயம் வாங்க வேண்டும்,
கடை ஆறு மணிக்கு மூடிவிடுவான்."